மாஸ்டர் பில்டர் என்ற பெயர்: விமான மாடலில் நடுவரின் டார்ச் தேடும் இடங்கள்

போட்டி மேசைக்கு வரும் நடுவர் கையில் ஒரு சின்ன டார்ச் இருக்கும். அதைச் சாய்த்துப் பிடித்து இறக்கையின் முன்விளிம்பு நெடுக வெளிச்சத்தை ஓடவிடுவார். மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்ந்த கோடு மயிரிழை அளவுக்கு மிச்சம் இருந்தாலும் அந்த இடத்தில் வெளிச்சம் நெளியும். பிறகுதான் காக்பிட், சக்கரம், பெயின்ட் எல்லாம். முன்விளிம்பில் நெளிந்த மாடலை, உள்ளே எத்தனை பித்தளைத் துணுக்கு ஒட்டியிருந்தாலும், மேல் வரிசைக்குக் கொண்டுபோவது கஷ்டம்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பிளாஸ்டிக் விமான மாடல் கட்டும் நம் பிள்ளைகள் நிறையப் பேர், பத்துப் பதினைந்து கிட் (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) முடித்த பிறகு ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். "நல்லா இருக்கு" என்கிறார்கள், பரிசு மட்டும் வருவதில்லை. கையில் திறமை இருக்கிறது. எதைச் சரிசெய்தால் அடுத்த படி என்பதுதான் தெரிவதில்லை. அவர்களுக்காகத்தான் இது.

பெயர் எப்படி வருகிறது

மாஸ்டர் பில்டர் என்பதற்கு எங்கும் பொதுவான தேர்வு ஒன்று கிடையாது. சர்வதேச பிளாஸ்டிக் மாடல் சங்கம் 1963-இல் பிரிட்டனில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. அதன் வழியில் வந்த நடுவர் முறையில் ஒன்றுதான் அடிப்படை: முதலில் கட்டுமானம் சுத்தமாக இருக்கிறதா, பிறகு பெயின்ட், பிறகு கூடுதல் வேலை. கிட்டோடு தனியாக வாங்கி ஒட்டிய ரெசின் (வார்ப்புப் பிசின்) காக்பிட்டுக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் அது கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் ஒட்டாமல் விட்டவரைவிட நீங்கள் பின்னால்தான் நிற்பீர்கள்.

போட்டிகள் இரண்டு விதம். ஒன்றில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் மட்டும். மற்றொன்றில் ஒவ்வொரு மாடலும் ஒரு தரத்தோடு ஒப்பிடப்பட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் பெறும். தகுதி இருந்தால் பத்துப் பேருக்கும் தங்கம் கிடைக்கலாம். சில கண்காட்சிகளில் இதற்கு மேல் மாஸ்டர் பிரிவு என்றே தனியாக வைத்திருக்கிறார்கள். முன்னேற நினைப்பவர்களுக்கு இரண்டாவது முறைதான் நல்லது. பக்கத்து மேசைக்காரர் யார் என்பதைப் பொறுத்து உங்கள் தரம் மாறாது.

ரேடியோவில் பறக்கும் ஸ்கேல் மாடல் கட்டுவோருக்கு இன்னொரு கணக்கு உண்டு. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்-4சி பிரிவில், பறக்கவிடுபவரே அந்த மாடலைக் கட்டியவராகவும் இருக்க வேண்டும். இந்த விதியின் பொருள் நமக்கும் பொருந்தும். "இது நீங்கள் செய்ததுதானா?" என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிவதுதான் பெயரின் முதல் பாதி. மறுபாதி, அடுத்த மாடலும் அதே சுத்தத்தோடு வருவது. ஒரு தங்கம் வாங்கியவரை யாரும் மாஸ்டர் என்பதில்லை. ஜெட், இரட்டை எஞ்சின் விமானம், கம்பி கட்டிய இரட்டை இறக்கை விமானம் என்று வகை மாறினாலும் வேலை மாறாமல் இருந்தால் மற்றவர்களே அந்தச் சொல்லைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

நம் ஊர் விமானத்தை எடுங்கள்

எல்லோரும் ஸ்பிட்ஃபயரையும் முஸ்டாங்கையும் கட்டுகிறார்கள். நடுவருக்கு அவை மனப்பாடம். சின்னத் தவறும் உடனே கண்ணில் படும். பட்டர்வொர்த் விமானத்தளம் பினாங்குத் தீவிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் வரலாற்றில் இருந்து ஒன்றை எடுத்தால் உங்கள் ஆராய்ச்சி தனியாகத் தெரியும்.

இரண்டு சொல்கிறோம். ஒன்று, பிரிஸ்டல் பிளென்ஹீம் என்ற பிரிட்டிஷ் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தின் முதல் வகை (மார்க் 1). 1941 டிசம்பர் 9-ஆம் தேதி 62-ஆம் ஸ்குவாட்ரனின் ஆர்தர் ஸ்கார்ஃப் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி, தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கிவிட்டு, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறக்கினார். பிறகு அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இறக்கை அகலம் 17.17 மீட்டர் என்பதால் 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) மாடல் சுமார் 238 மி.மீ. வரும். முதல் வகைக்குக் குட்டையான கண்ணாடி மூக்கு, நான்காம் வகைக்கு நீண்ட மூக்கு. பெட்டியில் எது இருக்கிறது என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மற்றொன்று, அவோன் சேபர்: அமெரிக்க எஃப்-86 சேபர் ஜெட்டின் ஆஸ்திரேலிய வடிவம். ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட இந்த விமானங்கள் 1969-இல் மலேசிய விமானப்படைக்கு வந்து 11-ஆம் ஸ்குவாட்ரனில் பறந்தன. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்க எஃப்-86எஃப் கிட் வாங்கி, மலேசியக் குறிகளை ஒட்டி, அவோன் சேபர் என்று மேசையில் வைத்துவிடுகிறார்கள். ரோல்ஸ் ராய்ஸ் அவோன் எஞ்சினைப் பொருத்துவதற்காக உடற்பகுதியில் 60 சதவீதத்துக்கு மேல் மாற்றப்பட்டது. முன்னால் இருக்கும் காற்று வாய் 25 சதவீதம் பெரிதானது. ஆறு இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதில் இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் வந்தன. ஆக மூக்கின் பக்கத்துக்கு மூன்று துளைகளை அடைத்து, ஒன்றைத் திறக்க வேண்டும். காற்று வாயைப் பெரிதாக்கும்போது இன்னொரு தவறு நடக்கும். 25 சதவீதம் என்றதும் உயரத்தையும் அகலத்தையும் 25 சதவீதம் கூட்டிவிடுவார்கள். அது பரப்பளவுக் கணக்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்துக் கூட்டும்போது ஒவ்வொன்றிலும் சுமார் 12 சதவீதம்தான் வரும். நேர்முன் எடுத்த புகைப்படத்தை உங்கள் அளவுக்கு அச்சிட்டு, மூக்கின் மேல் வைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். எண்ணைவிடப் படம் பெரிது.

குறிகளிலும் கவனம் வேண்டும். நம் கொடியின் நட்சத்திரத்துக்கு மலாயா காலத்தில் 11 முனை, 1963-இல் மலேசியா உருவான பிறகு 14 முனை. டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) தாளில் இருக்கும் நட்சத்திரத்தின் முனைகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பாருங்கள். நடுவரும் எண்ணுவார்.

இணைப்பு

எல்லாப் புகழும் இங்கேதான் பிறக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுப்போம்.

ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகத்தை வெட்டும்போது ஒட்டி வெட்டாதீர்கள். 2 மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் இரண்டு மூன்று தடவையில் சீவி எடுங்கள். ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் உள்நோக்கிப் பிய்ந்து வெள்ளைக் குழி விழும். அதை நிரப்ப ஒரு மணி நேரம் போகும். பிறகு பாகங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுக் கழுவுங்கள். அச்சு எண்ணெய் இருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) பின்னால் டேப்போடு உரிந்து வரும்.

இறக்கைப் பாதிகளை ஒட்டுவதற்கு முன் பின்விளிம்பைப் பாருங்கள். ஒட்டிய பின் அது அரை மி.மீ. தடிமன் இருந்தால் 1/48-இல் அது 24 மி.மீ. நிஜத்தில் அந்த விளிம்பு அதைவிட எவ்வளவோ மெல்லியது. ஆகவே இரண்டு பாதியின் உட்பக்கத்தையும் 240 உப்புத்தாளில் தேய்த்து, விளிம்பில் மெலிந்து வரும்படி செய்யுங்கள். வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள், பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் கோடுகள்) அங்கே இருக்கின்றன. இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. தூரத்தில் இருந்து பார்த்தாலே மாடல் பொம்மை போல் இல்லாமல் விமானம் போல் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒட்டுவதற்கு தமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணீர் போல் ஓடும் பசை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் பசை தானே உள்ளே ஓடும். பத்து விநாடி கழித்து மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் ஒரு நூல் போல வெளியே பிதுங்க வேண்டும். அந்த நூல்தான் உங்கள் புட்டி (இடைவெளி நிரப்பும் பொருள்). அதை அப்படியே விட்டு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் காயவிடுங்கள். அவசரப்பட்டு அன்று இரவே தேய்த்தால் இணைப்பு தட்டையாகத்தான் தெரியும். ஒரு வாரம் கழித்து, உள்ளே இருந்த பசை முழுதாக ஆவியான பிறகு, அந்த இடம் மெல்லிய பள்ளமாக அமுங்கும். பெயின்ட் அடித்த பின் தெரியும் "பேய்க் கோடு" பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

காய்ந்ததும் கத்தி முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி நூலை எடுங்கள். பிறகு 400, 600, 1000 என்று தண்ணீரோடு உப்புத்தாள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரலின் வளைவு அப்படியே பள்ளமாக விழும். ஐஸ்கிரீம் குச்சியில் உப்புத்தாளை ஒட்டித் தேயுங்கள்; வளைந்த உடற்பகுதிக்கு மட்டும் பென்சில் அழிப்பான் மாதிரி மெத்தென்ற கட்டை.

இடைவெளி மிச்சம் இருந்தால் எதை வைத்து நிரப்புவது என்பதில் ஒரு விதி. சின்னக் கீறலுக்கு லாக்கர் புட்டி அல்லது மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற திரவ நிரப்பி. ஆனால் இவை கரைப்பான் ஆவியாகும்போது சுருங்கும், ஆகவே ஒரு நாள் கழித்து இன்னொரு பூச்சு வேண்டும். ஆழமான பள்ளத்துக்குக் கறுப்பு சூப்பர் குளூ. அது சுருங்காது. ஆனால் அதை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். இரவு விட்டு மறுநாள் தேய்த்தால் பசை பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். நீங்கள் தேய்க்கத் தேய்க்கச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கரைந்து, பசை மேடாக நிற்கும்.

சோதனைக்கு முழு மாடலையும் பிரைமர் அடிக்க வேண்டியதில்லை. இணைப்பின் மேல் மட்டும் வெள்ளி நிறப் பெயின்டைத் தூரிகையால் தடவிப் பாருங்கள். வெள்ளி நிறம் எதையும் மறைக்காது.

தேய்த்ததில் அழிந்த பேனல் கோட்டைத் திரும்பக் கீற வேண்டும். லேபிள் அச்சிடும் கெட்டியான பிளாஸ்டிக் டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, கீறும் ஊசியை எடை கொடுக்காமல் ஐந்தாறு தடவை இழுங்கள். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீற நினைத்தால் ஊசி வழுக்கி இறக்கைக்கு நடுவில் போய் நிற்கும். 0.2 மி.மீ. அகலக் கோடு 1/48-இல் கிட்டத்தட்ட 10 மி.மீ., 1/72-இல் 14 மி.மீ.க்கு மேல். நிஜ விமானத்தின் தகடுகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்காது. கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது.

சாய்வு

"தம்பி, வால் சாஞ்சிருக்கு, பின்னால நின்னு பாரு." நடுவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் மாடலைக் கண்மட்டத்தில் பார்த்தால் எவருக்கும் தெரிந்துவிடும் குறை, கட்டியவருக்கு மட்டும் தெரியாமல் போவதற்குக் காரணம் அவர் எப்போதும் மேலிருந்தே பார்ப்பது.

இறக்கை மேல்நோக்கி எத்தனை டிகிரி உயர்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, அதை மி.மீ.க்கு மாற்றுங்கள். அரை இறக்கை 117 மி.மீ., உயர்வு 3 டிகிரி என்றால் நுனி 6 மி.மீ. உயர வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் நுனியில் 2 மி.மீ. மாறும், அது வெறுங்கண்ணுக்கே தெரியும். கெட்டி அட்டையில் அந்த உயரத்துக்கு இரண்டு தாங்கிகள் வெட்டி, கண்ணாடித் தட்டின் மேல் மாடலை வைத்து ஒட்டுங்கள். வாலுக்கு மாஸ்கிங் டேப்பும் ஒரு முக்கோண அளவுகோலும் போதும். இடது நுனியிலிருந்து மூக்கு வரை, வலது நுனியிலிருந்து மூக்கு வரை ஒரு நூலால் அளந்து பாருங்கள்; இரண்டும் ஒன்றாக இருந்தால் இறக்கை முன்பின் விலகவில்லை என்று பொருள்.

மூக்கில் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு என்று நிற்கும் விமானம் என்றால் மூக்கில் எடை வைக்க மறக்காதீர்கள். மீன்பிடி சாமான் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டு போதும். உடற்பகுதியை டேப்பால் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சிலை வைத்துச் சமன் பார்த்து, மூக்கு இறங்கும் எடையைக் கண்டு, அதற்கு மேல் கால் பங்கு கூட்டுங்கள். ஈயத்தை வெள்ளைப் பசையால் ஒட்டவே கூடாது. ஈயம் அந்தப் பசையோடு சேர்ந்து மெல்ல அரித்து உப்பும். ஓரிரு வருடத்தில் உடற்பகுதி இணைப்பைப் பிளந்துவிடும். இரண்டு குழாய் எப்பாக்சிதான் சரி. சேபரில் காற்று வாயின் குழாய் மூக்கு முழுக்க ஓடுவதால் எடைக்கு இடம் குறைவு, அவோன் சேபருக்காக வாயைப் பெரிதாக்கினால் இன்னும் குறையும். இதை வெட்டுவதற்கு முன்பே யோசித்து வையுங்கள்.

நம் ஊர் ஈரம்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே பெயின்ட் வெளுத்துப்போவதற்குக் காரணம் கை அல்ல, காற்று. லாக்கர் தின்னர் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பரப்பு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்ந்தால் காற்றில் உள்ள ஈரம் பெயின்ட் மேல் படிந்து வெள்ளைப் படலமாகிறது. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை சுமார் 26. நான்கு டிகிரி குளிர்ந்தால் போதும், வெளுத்துவிடும். ஏர்கோன் போட்ட அறையில் 25 டிகிரி, 55 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 15. பத்து டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ஒரு சின்ன ஈரமானி வாங்கி மேசையில் வையுங்கள். 75-க்கு மேல் காட்டினால் கிளியர் கோட், பளபளப்பு, உலோக நிறம் எதுவும் வேண்டாம். அன்று உப்புத்தாள் வேலை பாருங்கள்.

அறையை ஒரு மணி நேரம் முன்பே ஏர்கோனில் காயவைத்து, ஸ்ப்ரே செய்யும் ஐந்து பத்து நிமிடம் மட்டும் புகையிழுக்கும் ஃபேனை ஓடவிடுங்கள். ஃபேன் நீண்ட நேரம் ஓடினால் வெளியே உள்ள ஈரக்காற்றை அதுவே உள்ளே இழுத்துவிடும். ஆனால் ஃபேன் இல்லாமல், மூடிய அறையில் லாக்கர் அடிப்பது உயிரோடு விளையாடுவது. கரிம ஆவிக்கான வடிகட்டி போட்ட முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் புகைக்குழாயின் வாய் யார் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது என்றும் பாருங்கள்.

கம்பிரசர் தொட்டியில் தினமும் தண்ணீர் சேரும். ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன் அடியில் உள்ள வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். தண்ணீர் பிடிக்கும் கிண்ணத்தைக் கம்பிரசரின் வாயிலேயே மாட்டினால் பாதிப் பயன்தான். அங்கே காற்று இன்னும் சூடு. ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய், குழாயில் ஆறி, உங்கள் இறக்கை மேல் சொட்டாக விழும். மூன்று மீட்டர் குழாய்க்குப் பிறகு, ஏர்பிரஷுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கிண்ணம் மாட்டுங்கள்.

கலவை: மிஸ்டர் கலர் மாதிரி லாக்கருக்கு ஒரு பங்கு பெயின்ட், ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர். சாதாரண தின்னருக்குப் பதில் லெவலிங் தின்னர் எடுங்கள். அதில் ஆவியாவதைத் தாமதிக்கும் பொருள் இருக்கிறது, நம் காலநிலைக்கு அது வரப்பிரசாதம். அழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ, தூரம் ஐந்து முதல் எட்டு செ.மீ. தூரம் கூடினால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும். கை வைத்தால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். வெளுத்துப்போன இடத்தைப் பார்த்துப் பதறி மேலே இன்னொரு பூச்சு அடிக்காதீர்கள். காற்று காய்ந்த நேரத்தில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய மூடுபனி போல ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். வெள்ளி நிற ஜெட் ஒன்றைத் திட்டமிடுகிறவர்கள் கட்டுமானத்தை மழைக்காலத்தில் முடித்து, பெயின்டைத் தைப்பூச வெயிலுக்கு வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் இல்லை.

உலோக நிறம்

அவோன் சேபர் மாதிரி வெள்ளி உடம்புதான் மாஸ்டர்களையும் மற்றவர்களையும் பிரிக்கிறது. மற்ற நிறங்கள் கொஞ்சம் மன்னிக்கும், இது மன்னிக்காது. பிளாஸ்டிக்கை 1000-இல் நிறுத்தாமல் 2000, 4000, 6000 என்று மெருகேற்றுங்கள். மேலே பளபளப்புக் கறுப்பு, ஈரமாகத் தெரியும் மெல்லிய இரண்டு பூச்சு. 48 மணி நேரம் மூடிய டப்பாவில் வையுங்கள். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். தின்னர் வாசம் வந்தால் இன்னும் காயவில்லை, காயாத கறுப்பின் மேல் உலோகப் பெயின்ட் அடித்தால் சாம்பல் பூத்த மாதிரி மங்கும். அதன் பிறகு ஆல்கிளாட் மாதிரி உலோக லாக்கரை 12 பிஎஸ்ஐ-யில் மூன்று நான்கு மெல்லிய அடுக்காக. கறுப்பு மறைந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடிக்க அடிக்க மினுமினுப்பு குறையும்.

இந்தக் கட்டத்தில் வெறுங்கையால் தொடாதீர்கள். நம் ஊர் வியர்வை ரேகை வெள்ளியில் அப்படியே பதியும். நைட்ரைல் கையுறை போடுங்கள். பேனல்களுக்கு நிற வேறுபாடு காட்ட டேப் ஒட்டும் முன், டேப்பைப் புறங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்து அதன் பிடியைக் குறையுங்கள். வித்தியாசம் மெலிதாக இருக்கட்டும். சதுரங்கப் பலகை போல் பளிச்சென்று மாறும் பேனல்களை நடுவர்கள் விரும்புவதில்லை.

டெக்கலும் கண்ணாடியும்

டெக்கல் மங்கலான பரப்பில் ஒட்டினால் கீழே காற்று சிக்கி வெள்ளி போல் மினுங்கும். ஆகவே முதலில் பளபளப்பு கிளியர், பிறகு டெக்கலைப் படியவைக்கும் திரவங்கள்: கீழே மைக்ரோ செட், மேலே மைக்ரோ சோல். சோல் தடவியதும் டெக்கல் சுருங்கிக் கசங்கும். தொடாதீர்கள், தானே படிந்துவிடும். தொட்டால் கிழியும். மறுநாள் மினுக்கம் மிச்சம் இருந்தால் ஊசியால் குத்தி மறுபடி சோல். நம் ஈரத்தில் பழைய தாள்கள் மஞ்சளாகும், பூஞ்சையும் பிடிக்கும். ஜிப் பையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மஞ்சளானதைப் பையோடு ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் வெளுக்கும். எதுவானாலும் தேவையில்லாத ஓர் எழுத்தை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பிளென்ஹீமின் மூக்கு முழுக்கக் கண்ணாடி, அதிலும் சட்டங்கள் நெருக்கமாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் டேப்பை ஒரு மி.மீ. பட்டையாக வெட்டி முதலில் நான்கு ஓரமும், பிறகு நடுவும் மூடுங்கள். பல்குத்தும் குச்சியால் ஓரத்தை நன்றாக அழுத்தித் தேயுங்கள். முதலில் உட்புற நிறம், மேலே வெளி நிறம்; அப்போது உள்ளே இருந்து பார்த்தாலும் சட்டம் சரியான நிறத்தில் தெரியும். கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடி மேல் வெள்ளைப் புகையாகப் படியும், இங்கே இன்னும் சீக்கிரம். வெள்ளைப் பசையோ கண்ணாடிக்கென்றே உள்ள பசையோ போதும். உள்ளே ஒரு தூசு மிச்சம் இருந்தால் டார்ச் அதைக் கண்டுபிடிக்கும், ஒட்டும் முன் ஊதி, பார்த்து, மறுபடி ஊதுங்கள்.

கோப்பு

மாடலுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பக்கக் கோப்பு வையுங்கள். நடுவருக்கு நேரம் குறைவு. முதல் பக்கத்தில் எந்த விமானம், எந்த வருடம், எந்த ஸ்குவாட்ரன். அடுத்து நீங்கள் மாற்றியவை, ஒவ்வொன்றுக்கும் ஆதாரப் படம். பிறகு பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த புகைப்படம். வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, பித்தளை, ரெசின், புட்டி எல்லாம் தனித்தனி நிறத்தில் தெரியும் அந்தப் படம்தான் உங்கள் கைவேலைக்குச் சாட்சி. பெயின்ட் ஏறிய பின் எல்லாம் ஒன்றாகிவிடும், ஆகவே முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

முப்பரிமாண அச்சில் வந்த பாகத்தை வேறொருவர் வடிவமைத்திருந்தால் அதை எழுதுங்கள். வாங்கிய காக்பிட்டை வாங்கியது என்று எழுதுங்கள். இதில் மறைத்தவரின் பெயர் ஒரே நாளில் போகும், திரும்ப வராது.

மேசையும் மேசைக்கு அப்புறமும்

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கோ, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கோ கொண்டுபோகும்போது மாடலின் எடை சக்கரத்தில் இறங்கக்கூடாது. இறக்கையின் அடிப்பகுதியையும் உடற்பகுதியையும் தாங்கும்படி நுரை மெத்தையை வெட்டி வையுங்கள். சக்கரமும் ஆன்டெனாவும் வெறும் காற்றில் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். சூட்டில் டெக்கல் சுருங்கும், நீண்ட இறக்கை தொங்கும், ஒட்டிய கண்ணாடி தெறிக்கும். பையில் ஒரு சின்ன சூப்பர் குளூ, வெள்ளைப் பசை, இடுக்கி, மெல்லிய தூரிகை எப்போதும் இருக்கட்டும்.

முடிவு வந்த பின், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நடுவரிடம் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணே, இதுல முதல்ல எது உங்க கண்ணுல பட்டுச்சு?" ஏன் தங்கம் தரவில்லை என்று கேட்டால் அவர் தற்காத்துப் பேசுவார், இப்படிக் கேட்டால் மாடலைக் கையில் எடுத்துக் காட்டுவார். அவர் சொன்னதை அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டு, அடுத்த மாடலில் அந்தக் குறை இல்லாமல் கொண்டுவாருங்கள். நடுவர்கள் இதை மறப்பதில்லை.

மூன்று நான்கு போட்டி ஆனபின் நடுவருக்கு உதவியாளாகப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கூடவே நடந்தால், ஒரே கிட்டை ஐந்து பேர் ஐந்து விதமாகக் கட்டியிருப்பதைப் பக்கத்துப் பக்கத்தில் பார்ப்பீர்கள். எந்த இணைப்பு எல்லோருக்கும் பிரச்சினை தருகிறது, அதை யார் எப்படித் தீர்த்திருக்கிறார் என்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. அங்கே கற்றதை உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குக் காட்டிக்கொடுங்கள். முதலில் அவன் கையில் கத்தியைக் கொடுத்து, ஸ்ப்ரூவிலிருந்து 2 மி.மீ. தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.